பேபி ஆஃப் பெர்சிஸ்

பாவூர்சத்திரம்
11.7.2025

அன்புள்ள பெர்சிஸ்,

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அப்படிப்பட்ட ஊருக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதுகிறவன் இந்தக் காலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்ய? என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். நேரில் வந்தால் உன் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இப்பம் வேண்டாம் மாப்ள, அவ கொஞ்சம் ஆறட்டும்" என்கிறார். மாமாவைக் குறை சொல்லவில்லை. மகளைப் பெற்றவர் அப்படித்தான் நிற்பார். தபால்காரரைத் தடுக்க மாட்டார் என்று நினைத்து எழுதுகிறேன்.

உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது ஒரு ஃபைலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை நேற்றுத்தான் பிரித்தேன். ரத்தத்தில் வளர்ந்த கிருமி என்று ஒரு பெயர் போட்டிருக்கிறது. கிளெப்சியெல்லா நிமோனியே. அதற்குக் கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆர்' என்ற எழுத்து. கடைசி மருந்துக்கு மட்டும் வேறு எழுத்து. தென்காசி லேபில் நீ நாள் முழுக்கப் பார்த்தது இந்தத் தாள்களைத்தானே. நான் கத்தரிக்காய் ஏலம் விடுகிற கமிஷன் கடைக்காரன். மூட்டையைப் பிரித்ததும் காய் எந்த ஊர், கிணற்றுத் தண்ணீரா குளத்துத் தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். இது எந்த ஊர்க் காய், யார் கொண்டுவந்து இறக்கியது என்று எனக்குச் சொல்லிக் கொடு.

ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நீ கடைசியாக என்னிடம் பேசியது ஒரே வாக்கியம். "உங்க அத்தை விரலுதான் எம்பிள்ளையக் கொன்னுச்சு."

அத்தை சேனை வைத்தது உண்மை. வைக்கச் சொன்னவன் நான். நீ ஆப்பரேஷன் மயக்கத்திலும் வேண்டாம் என்று தலையாட்டினாய், "ஒரு சொட்டுதான" என்று நான் சொன்னேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று இங்கே எல்லோரும் செய்வதுதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஞானபாக்கியம் அத்தையின் விரலைச் சப்பி வளர்ந்தவர்கள். நானும்தான். என் அம்மா ரூபி போன பிறகு கல்யாணமே கட்டாமல் என்னை வளர்த்த விரல் அது. அதே விரல்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. அது கொன்றதா, இல்லையா என்று தெரியாமல் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை, பெர்சி.

கிங்ஸ்லி


குற்றாலம்
16.7.2025

திரு. கிங்ஸ்லி அவர்களுக்கு,

கேட்டது கிருமியைப் பற்றி. அதற்கு மட்டும் பதில்.

கிளெப்சியெல்லா நிமோனியே குச்சி வடிவம். கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். மேலே கெட்டியான, கொழகொழப்பான உறை உண்டு. ரத்தத்தின் வெள்ளையணுக்கள் அதைப் பிடிக்கப் போனால் வழுக்கும். மனிதரின் குடலில் இருக்கும். மண்ணில் இருக்கும், தண்ணீரில் இருக்கும், வாஷ்பேசின் ஓட்டையில் இருக்கும். நல்ல உடம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையின் ரத்தத்தில் நுழைந்தால் சும்மா கிடக்காது.

இது தானாக நகராது. சில கிருமிகளுக்கு வால் உண்டு, நீந்தும். இதற்கு இல்லை. யாராவது, எதுவாவது கொண்டுபோனால்தான் போகும்.

'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கட்டுப்படாது. வேறு எழுத்து இருந்தது கோலிஸ்டின். அதற்கு மேல் மருந்து இல்லை. நீங்கள்தான் ஓடிப்போய் வாங்கி வந்தீர்கள்.

மாடியிலிருந்து எழுதுகிறேன். கீழே சீசன் கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓவென்று கத்திக்கொண்டு அருவிக்கு ஓடுகிறார்கள். அப்பா கடையில் துண்டும் ஜட்டியும் விற்றுத் தீரவில்லை. கைக்குழந்தையையும் கொண்டுபோய்ச் சாரலில் காட்டுகிறார்கள். எனக்குப் பால் கட்டி வலித்தது போன வாரம் நின்றுவிட்டது. இதை நீங்கள் கேட்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.

பெர்சிஸ்


பாவூர்சத்திரம்
25.7.2025

அன்புள்ள பெர்சி,

எழுத வேண்டாம் என்று சொல்லவாவது ஒரு பக்கம் எழுதினாயே. அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்காதே.

உன் பழைய லேப் டெக்னீஷியன் கைடு நம் அலமாரியில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து. கடையில் ஏலம் முடிந்து ஆள் போன பிறகு அதைத்தான் படிக்கிறேன். மண்டையில் ஏறவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சந்தைச் சரக்காக்கிவிட்டேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் உருண்டை உருண்டையாய்க் குலையாக இருக்கும். அது கம்பத்துத் திராட்சை. அதில் ஆரியஸ் என்கிற வகை, லேபில் கிருமி வளர்க்கிற தட்டில் தங்க நிறமாக வளரும், அதனால் அதற்கு அந்தப் பெயர். ஸ்ட்ரெப்டோகாக்கஸும் உருண்டைதான், ஆனால் பிச்சிப்பூச் சரம்போல் வரிசை கட்டும். புரோட்டியஸை ஓர் இடத்தில் வைத்தால் அலை அலையாகத் தட்டு முழுக்க வளைத்துப் போட்டுக்கொள்ளுமாம். நம் மார்க்கெட்டில் அது யார் என்று உனக்கே தெரியும், பெயர் எழுதவில்லை.

காய் விலை எழுதுகிற கரும்பலகையில் மறதியாகக் கிளெப்சியெல்லா என்று எழுதி வைத்துவிட்டேன். லோடு இறக்க வந்த விஜய்பாண்டி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது என்ன புது வெரைட்டியா அண்ணாச்சி? எந்த ஊரு லோடு?" என்று கேட்டான். அவனுக்கு என்ன தெரியும். நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

உன்னோடு லேபில் வேலை பார்த்த மசூதைப் போய்ப் பார்த்தேன். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைய வையுவாவ" என்று பயந்துகொண்டேதான் ஒரு தட்டைக் காட்டினான். வேறு யாருடைய சிறுநீரோ. அதில் அது வளர்ந்திருந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, பெரிது பெரிதாக. கம்பியால் தொட்டுத் தூக்கினான். வெண்டைக்காயை ஒடித்து இழுத்தால் ஒரு நூல் வருமே, அந்த மாதிரி நூல் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவா? இந்தச் சளிதானா? எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். மசூது தட்டைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அத்தைக்கு நீ சொன்னது இன்னும் தெரியாது. தினமும் கேட்கிறாள். "ஏலே, பெர்சிஸ் எப்பம்லே வருவா? பச்ச ஒடம்பு, அங்கன சாரல்ல கெடக்காளே." நான் சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

இது தானாக நகராது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் யார் கொண்டுபோனது? அதைச் சொல்.

கிங்ஸ்லி


குற்றாலம்
3.8.2025

கிங்ஸ்லி,

லேபுக்கு எதற்குப் போனீர்கள்? மசூதின் வேலைக்கு உலை வைக்கவா? யாருடைய தட்டையோ பார்த்துவிட்டு வெண்டைக்காய் என்கிறீர்கள். அது காய் இல்லை.

நான் அந்த லேபில் இருந்தபோது ஒரு வேலை உண்டு. ரத்தத்தில் கிருமி வளர்ந்தால் தாள் அடித்து முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். "பேபி ஆஃப் இன்னார், பிளட் கல்ச்சர், கிளெப்சியெல்லா, எல்லா மருந்துக்கும் ரெசிஸ்டன்ட், தேங்க்யூ." ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவேன். ஒரு வருஷத்தில் எத்தனை சொல்லியிருப்பேன். வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். இந்தத் தடவை மசூது வார்டுக்குப் போன் செய்வதற்கு முன்னால் எனக்குச் செய்தான். "அக்கா" என்றான். நான்தான் கிருமியின் பெயரைக் கேட்டேன். கேட்டதும் முடிவு தெரிந்துவிட்டது. நீங்கள் கோலிஸ்டின் வாங்க ஓடியபோது நான் உங்களைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

யார் கொண்டுபோனது என்று கேட்டீர்கள். விரலில் போயிருக்கலாம். சர்க்கரைத் தண்ணீர் கலந்த டம்ளரில் போயிருக்கலாம். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டபோது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கையில் ஊசி குத்தினார்களே, அந்த ஊசி வழியாக இருக்கலாம். மூக்கில் விட்ட குழாய். பக்கத்துப் பெட்டிப் பிள்ளையைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்த நர்ஸ். கை கழுவிய பேசின். இல்லையென்றால் நான். பிறக்கும்போது என் உடம்பிலிருந்தே போயிருக்கலாம். நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எல்லாக் கைகளையும் எல்லாக் குழாய்களையும் அன்றைக்கே துடைத்து எடுத்து வளர்த்துப் பார்த்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. இனி வழியில்லை. படித்தவள் சொல்வது இதுதான்.

ஆனால் கண்ணை மூடினால் எனக்கு உங்கள் அத்தையின் விரல்தான் தெரிகிறது. படிப்பு ஒன்று சொல்கிறது, பெற்ற வயிறு ஒன்று சொல்கிறது. வயிறு சொல்வதுதான் சத்தமாகக் கேட்கிறது. நான் என்ன செய்ய?

பெர்சிஸ்


பாவூர்சத்திரம்
22.8.2025

அன்புள்ள பெர்சி,

உட்கார்ந்து வாசி. நல்ல செய்தி.

கைகளைத் துடைத்து வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே. அன்றைக்கு முடியவில்லை, சரி. இன்றைக்கு முடியுமே என்று தோன்றியது. அத்தையை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கென்று போகும் வழியில் சொல்லிவிட்டேன். நீ சொன்ன அந்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அத்தை, "அவ சொன்னதுல தப்பில்லலே, பெத்தவ வயிறு" என்றாள்.

லேபில் மசூது முடியாது என்றுதான் சொன்னான். அத்தை இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, "எடுய்யா" என்றாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையிலும் எடுத்தான். மலமும் கேட்டான், கொடுத்தாள். ஞாயிறு வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவள், அந்த டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

முடிவு வந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லை. மலத்தில் கிளெப்சியெல்லா இருந்தது. பதறாதே. கீழே பார். நம் பிள்ளைக்கு எல்லாம் 'ஆர்'. அத்தைக்கு ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் 'எஸ்'. எல்லா மருந்துக்கும் கட்டுப்படுகிற கிருமி! அது வேறு, இது வேறு. கைடில் நீயே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாய், மருந்து வரிசை மாறினால் இனம் வேறாக இருக்கலாம் என்று. அத்தை இல்லை, பெர்சி. அத்தை இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். ஒரே ஊர்க்காரன் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் திருடன் ஆவானா என்றெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள், "அதே பேருதானலே போட்டிருக்கு?" என்றாள். பேர் அதுதான், ஆனால் என்று ஆரம்பித்தேன். "செரி" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாகக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். வயசானவள், மெல்லப் புரியும்.

இனியாவது வா. சோற்றை நான்தான் வடிக்கிறேன், குழைந்துவிடுகிறது.

உன் கிங்ஸ்லி


குற்றாலம்
4.9.2025

கிங்ஸ்லி,

உங்களுக்குப் பதில் எழுதி, கிழித்து, திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் நேற்று அத்தையே வந்துவிட்டார்கள். உங்களிடம் சொல்லிவிட்டு வந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காலையிலிருந்து சாரல். கேட்டுக்கு வெளியே குடையில்லாமல் நின்றார்கள். அப்பா கடையில் இருந்தார். நான்தான் இறங்கிப் போனேன். திட்ட வேண்டும் என்று எத்தனை வாசகம் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா?

"உள்ள வாங்க அத்தை."

"வேண்டாம் தாயி. எதையாவது தொட்டுருவேன்."

கேட்டைத் திறந்தேன். அவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நீ படிச்சவ. அவன் என்னத்தையோ எஸ்ஸுங்கான், ஆருங்கான். எனக்குப் பிடிபடல. நீ ஒரு வார்த்த சொல்லு, நான் நம்பிக்கிடுதேன். நானா தாயி?"

"பெரும்பாலும் நீங்க இல்ல அத்தை."

"பெரும்பாலும்னா?"

ஒரு தட்டில் நூறு கிருமிப் புள்ளி வளர்ந்தால் மசூது ஒன்றைத்தான் எடுத்துப் பார்த்திருப்பான். மீதித் தொண்ணூற்றொன்பதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஜூனில் இருந்தது ஆகஸ்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயமா? வேறாகத்தான் இருக்கும், ஆனால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. இதையெல்லாம் அவர்களிடம் எப்படிச் சொல்வது? பெரும்பாலும் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வரவில்லையா, நான் வரவிடவில்லையா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

அத்தை என் முகத்தைப் பார்த்தார்கள். "செரி தாயி, உள்ள போ, மழையில நிக்காத, பச்ச ஒடம்பு" என்றுவிட்டுத் திரும்பி நடந்தார்கள். அப்போதுதான் கைகளைப் பார்த்தேன். முழங்கைவரை வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் நாற்றம். நீங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைப் பார்க்கவில்லையா? அவர்களுக்குச் சர்க்கரை உண்டு. வெடித்த தோல் வழியாக வேறொன்று நுழைந்தால் தாங்க மாட்டார்கள். பவுடரைத் தூக்கி எறியுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்துக்கும் பதில் எழுதிவிடுகிறேன். கிருமிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆள் பெயர் இல்லை, குலத்தின் பெயர். அதை வைத்து யாரையும் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. பாடம் அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான்.

பெர்சிஸ்


பாவூர்சத்திரம்
15.9.2025

பெர்சிஸ்,

ஒரு சொல்லைக் குறைத்திருக்கலாமே. ஒரே ஒரு சொல். "நீங்க இல்ல அத்தை" என்று சொல்லியிருந்தால் உன் படிப்பில் என்ன குறைந்திருக்கும்? கோர்ட்டா அது, சத்தியம் பண்ணிச் சாட்சி சொல்ல? நான் ஆயிரம் சொன்னாலும் அவளுக்கு நான் விரல் சப்பின பிள்ளைதான். உன் வாயிலிருந்து வந்திருந்தால் நம்பியிருப்பாள்.

உன்னிடமிருந்து வந்த அன்றைக்கே என் தட்டில் சோறு போடுவதையும் நிறுத்திவிட்டாள். அவளுடைய தட்டு, டம்ளர், பாய் எல்லாம் பின்கட்டுக்குப் போய்விட்டன. ஞாயிறு வகுப்புக்கும் போவதில்லை. போன வாரம் எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் பேரன் பிறந்த சந்தோஷத்தில் ஓடி வந்தாள். "ஞானபாக்கியம், நீதான் வந்து சேன தொட்டு வைக்கணும், ஒன் கைராசி ஊருக்கே தெரியும்" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். அத்தை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். முப்பிடாதியம்மாள் முகம் செத்துப்போய்த் திரும்பிப் போனாள்.

பவுடரைத் தூக்கி எறிந்தேன். வேறு வாங்கி வைத்திருக்கிறாள். அதையும் எறிந்தேன். சீயக்காய் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கையைக் காட்டு என்றால் காட்ட மாட்டேன் என்கிறாள். டாக்டரிடம் வா என்று இழுத்தால், "தொடாதலே மக்கா, தொடாத" என்று கத்துகிறாள். என்னிடம் அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

நேற்றிலிருந்து காய்ச்சல். வலது கை முழங்கைவரை வீங்கியிருக்கிறது. தூங்கும்போது முந்தானையை விலக்கிப் பார்த்தேன்.

பாடம் அரைகுறை என்று எழுதினாய். அதை நீயே வைத்துக்கொள். எனக்குப் போதும்.

கிங்ஸ்லி


பாவூர்சத்திரம்
14.10.2025

அன்புள்ள பெர்சி,

போன கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஆத்திரத்தில் எழுதினேன். அது கிடைத்த அன்றைக்கே நீ பிளாக்கை எடுத்துவிட்டுப் போன் செய்தாய். மூன்று மாதத்துக்குப் பிறகு உன் குரல். "இப்பமே கூட்டிட்டுப் போங்க, இப்பமே" என்று மட்டும் சொன்னாய். அப்போது நாங்கள் ஆம்புலன்ஸில் இருந்தோம். அத்தைக்கு நினைவில்லை. நினைவில்லாததால்தான் கையைத் தொட முடிந்தது.

அத்தையின் அடக்கத்துக்கு நீ வந்ததைப் பார்த்தேன். கடைசி வரிசையில் மாமாவோடு நின்றாய். பேசுவாய் என்று நினைத்தேன். பாட்டு முடிந்து திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டாய். அதற்காகக் கோபமில்லை. வந்தாயே.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐசியு வாசலில் நிற்கும்போது மசூது போன் செய்தான். அத்தையின் ரத்தத்தில் வளர்ந்துவிட்டது, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றான். நான் உடனே, "தங்க நிறமா இருக்குமே, கொலை கொலையா" என்றேன். பெர்சி, அந்த நேரத்திலும் நான் பாடம் ஒப்பித்தேன். மசூது போனை வைத்துவிட்டான்.

தாளைப் பார்த்தேன். வரிசையாக எஸ், எஸ், எஸ். சாதாரண மருந்துக்கே கட்டுப்படுகிற கிருமி. முன்னாலேயே கையை நீட்டியிருந்தால் ஊசியோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நம் பிள்ளைக்கு மருந்தில்லாமல் போனது. அத்தைக்கு எல்லா மருந்தும் இருந்தும், அவள் காட்டவில்லை. அவளை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அவளை அந்தச் சொல்லோடு அனுப்பியது நீ. இதில் யார் பங்கு எவ்வளவு என்று இனி நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. எந்தக் கிருமி, எந்த ஊர் என்றும் கேட்க மாட்டேன். கைடை எடைக்குப் போட மனசு வரவில்லை, மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்போது கேட்பது வேறு.

கல்லறைத் தோட்டத்தில் அத்தையைப் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம். கல் வெட்டுகிற சுடலையாண்டி வந்து அளவெடுத்தார். அத்தைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் சின்ன மேட்டில் நான் நட்டு வைத்த செங்கல் இருக்கிறது. "அண்ணாச்சி, பிள்ளைக்கும் ஒரு கல்லு போட்டுருவோம், பேரு என்ன?" என்று கேட்டார். ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள். ஃபைலில் தேடினேன். ஒவ்வொரு தாளிலும் ஒன்றேதான் இருக்கிறது. பேபி ஆஃப் பெர்சிஸ். பேபி ஆஃப் பெர்சிஸ். அதே தாளில் கிருமிக்கு மட்டும் இரண்டு பெயர் போட்டிருக்கிறது, குடும்பப் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. இத்தனை மாதமாக நான் மனப்பாடம் செய்தது அதைத்தான். என் பிள்ளையின் பெயர் என்ன என்று ஒருத்தன் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ ஏதாவது நினைத்து வைத்திருந்தாயா? இருந்தால் சொல். சுடலையாண்டி காத்திருக்கிறார்.

கிங்ஸ்லி


குற்றாலம்
2.11.2025

அன்புள்ள கிங்ஸ்லிக்கு,

சீசன் முடிந்துவிட்டது. அருவிக்கரையில் இப்போது கடைக்காரர்களும் குரங்குகளும்தான். கைடு வந்து சேர்ந்தது. வெண்டைக்காய், திராட்சை, பிச்சிப்பூ என்று நீங்கள் பேனாவால் எழுதியிருப்பவற்றை வாசித்தேன். நான் படித்த காலத்தில் இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

லேபில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் போனேன். ஒரு பிளட் கல்ச்சர் வளர்ந்திருந்தது, வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். "பேபி ஆஃப்" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. மசூது போனை வாங்கிச் சொன்னான். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அத்தையிடம் சொல்லாத பொய்யை உங்களிடமும் சொல்லப் போவதில்லை. நான் திரும்பி வரமாட்டேன். உங்கள்மேல் கோபம் இல்லை. அடக்கத்தின்போது உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நீங்கள் திரும்பினால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் சேர்த்துச் சொன்ன அந்தச் சொல் உங்களுக்குக் கேட்கும். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் லேப் மேஜைமேல் விரித்து வைத்த இரண்டு கை எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இதை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது?

பெயர் கேட்டீர்கள். நான் எதுவும் நினைத்து வைத்திருக்கவில்லை. பிறந்த பிறகு முகத்தைப் பார்த்து வைக்கலாம் என்றிருந்தேன்.

ஆனால் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அன்றைக்கு நீங்கள் ஃப்ளாஸ்க் வாங்கப் போயிருந்தீர்கள். எனக்கு மயக்கம் பாதி தெளிந்திருந்தது. அத்தை டம்ளரோடு வந்து பிள்ளைப் பக்கத்தில் குனிந்தார்கள். நான் கோபத்தில் கண்ணைத் திறக்கவில்லை, தூங்குவதுபோல் கிடந்தேன். என் காதுக்கு அருகில்தான் சொன்னார்கள்.

"ஏட்டி ரூபி, வந்துட்டியா? இத்தன நாளா எங்கட்டி போயிருந்த?"

பிள்ளை விரலைச் சப்புகிற சத்தம் கேட்டது. நன்றாகச் சப்பினாள். அதற்குப் பிறகு அவள் எதையும் அப்படிச் சப்பவில்லை.

உங்கள் அம்மா பெயர் என்பதால், இதையும் நம்மிடம் கேட்காமல் செய்கிறார்களே என்று எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இந்த உலகத்தில் அவர்கள் ஒருவர்தான். கேட்டுக்கு வெளியே மழையில் நின்றபோது நான் அதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு 'பெரும்பாலும்' என்ற சொல் தேவையில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். நான் கேட்டேன் அத்தை, நீங்க கூப்பிட்டத நான் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு அப்போது நினைவு வரவில்லை.

சுடலையாண்டியிடம் ரூபி என்று வெட்டச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

பெர்சிஸ்